பாங்குக்கு முன் விழுங்கிய மாத்திரை

இப்பக் கூப்பிட்டுருவாய்ங்க. எந்திரிக்காத, உக்காரு. கதவு தெறக்குற சத்தம் கேட்டதும் எந்திரிக்கிறதும், வேற யாரு பேரையோ கூவுனதும் உக்கார்றதுமா இருக்கேன், பக்கத்துல இருக்கிற பெரியவரு பெஞ்சுல ஆணி கீணி நீட்டிக்கிட்டு இருக்கான்னு தடவியே பாத்துட்டாரு. டவாலி கோர்ட்டு வாசல்ல நின்னு ஒவ்வொரு பேரையும் மூணு தடவை சொல்றாரு, சொன்ன பேருக்கு ஆளு ஓடுது, கதவு சாத்துது. என் பேரு இன்னும் வரல. அபுதாகிர், தகப்பனார் பேரு செய்யது இபுராகிம், ஊரு கம்பம், தொழில் ஜீப்பு ஓட்டுறது. இது வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா சரளமாத்தான் வருது. அதுக்கு அடுத்ததுதான் வரமாட்டேங்குது. போதையில வண்டி ஓட்டி ஆளுக்குக் காயம் உண்டாக்குனது. பீடி குடிச்சதில்ல, பாக்குப் போட்டாத் தலை சுத்தும்னு கல்யாண வீட்டுல கூட வெத்தலைத் தட்டை அங்குட்டுத் தள்ளிவிடுற ஆளு நான். எனக்குப் போய் இந்தப் பட்டம். அதுவும் எந்த மாசத்துல? நோன்பு மாசத்துல. வாய் கொப்புளிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்கிருச்சோன்னு நாளெல்லாம் யோசிக்கிற மாசத்துல. சிரிக்கத்தான் வேணும், ஆனா சிரிச்சாக் கழுத்து வலிக்கும்.

வக்கீல் தெய்வேந்திரன் காலையில வந்ததுமே சொல்லிட்டாரு. "பாய், நீதிபதியம்மா கேப்பாங்க, குத்தத்தை ஒத்துக்கறீங்களான்னு. இல்லங்கம்மான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. அதுக்கு மேல வாயத் தெறக்காதீங்க, மிச்சம் என் சோலி." அவரு சொல்றது சரியாத்தான் இருக்கு. ஊதுன மெஷின்ல ஒண்ணும் வரல. ரத்தத்துல வந்தது டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை, சீட்டு இருக்கு. மலை ரோட்டுல அன்னைக்குப் பனி, அது ஊருக்கே தெரியும். இதெல்லாத்துக்கும் மேல ஒச்சம்மா இருக்கா. முன் சீட்டுல உக்காந்து வந்தவ, தோள்பட்டை எலும்பு ஒடஞ்சவ, அவளே வந்து பாய் நல்லாத்தான் ஓட்டுனாருன்னு சொல்லப் போறா. அடிபட்டவளே அப்படிச் சொன்னா எந்தக் கேஸு நிக்கும்? இல்லன்னு சொன்னா கேஸு உப்புச் சப்பில்லாமப் போயிரும், பிடிச்சு வச்சிருக்கிற லைசென்ஸு கைக்கு வரும், ஜீப்பை எடுக்கலாம். ஆமான்னு சொன்னா லைசென்ஸு போகும், வண்டி வீட்டு முன்னாடி நின்னு துருப்பிடிக்கும், சாகுற வரைக்கும் எம் பேரோட போதைங்கிற சொல்லும் ஒட்டிக்கிட்டு வரும். இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லன்னா ரெண்டு நாளா ஏன் சோறு எறங்கல? எம் பொஞ்சாதி சபுரா தட்டைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது மூஞ்சியப் பாத்துட்டுப் போறா, ஒண்ணும் கேக்கமாட்டா, அவ கேக்காம இருக்கிறதுதான் பெரிய தொந்தரவு. இல்லங்கம்மா. எம்புட்டுச் சின்ன வார்த்தை. அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன், ஒச்சம்மா கேட்டப்ப. வேண்டாம், அதுக்கு இப்பப் போகாத.

கழுத்துல பிடிச்சு வலது தோளு வழியா எறங்கி சுண்டு விரல் வரைக்கும் எரியுது, மிளகாய் அரைச்ச கை மாதிரி. கைய மடியில வச்சாலும் எரியுது, பெஞ்சுல ஊனுனாலும் எரியுது. நரம்பு அழுங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அழுங்காம என்ன செய்யும்? விடியக்கருக்கல்ல கம்பத்துல பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு மலை ஏறணும், ஏலக்காய்க் காட்டுல எறக்கணும், சாயங்காலம் அதே வளைவுல எறங்கணும். அந்தப் பழைய ஜீப்பு ஸ்டியரிங்கைத் திருப்புறதும் ஆட்டுரல் சுத்துறதும் ஒண்ணுதான். டாக்டர் நல்ல மனுசன், கேட்டுத்தான் எழுதுனாரு. "என்ன வேலை?" "ஜீப்பு ஓட்டுறேங்க." "ராத்திரியில ஓட்டுவீங்களா?" "இல்லங்க, வெள்ளனப் போய் பொழுதோட வந்துருவேன்." "அப்பச் சரி. காலையில ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. ராத்திரி போடுறது நல்லாத் தூக்கம் வரும், போட்டதும் படுத்துருங்க." அம்புட்டு வெளக்கமாத்தான் சொன்னாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. போட்டு ரெண்டு வாரத்துல எரிச்சல் அடங்குச்சு, நானும் மனுசனா நடந்தேன். மலையில மோதுன பெறகு அந்த மாத்திரைப் பட்டையைத் தூக்கிச் சாக்கடையில போட்டேன். டாக்டரைக் கேக்காம இப்படி வெடுக்குன்னு விடக்கூடாதாம், அதை ஆரு சொன்னா எனக்கு? ஒரு வாரம் உடம்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, படுத்தா எந்திரிக்கணும், எந்திரிச்சாப் படுக்கணும். அந்தப் பரபரப்பு இன்னும் முழுசாப் போகல. போட்டாத் தூக்கம், விட்டாத் தூக்கமில்ல. இந்தா, காலு ஆடுது பாரு. ஆட்டாத. பெரியவரு மறுபடியும் பெஞ்சைப் பாக்குறாரு.

நோன்பு வந்ததும் டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்க் கேட்டிருக்கணும். கேக்கல. கேக்குற விசயமாவே தோணல. எங்க தெருவுல சீனி இருக்கிறவுக, பிரசர் இருக்கிறவுக, நெஞ்சு வலிக்காரவுக, அத்தனை பேரு வீட்டுலயும் விடியறதுக்கு முன்ன நோன்புக்குச் சாப்பிடுற சஹர் நேரத்துல இதே கூத்துதான். பள்ளிவாசல் மைக்குல மோதினார் சொல்லுவாரு, சஹர் முடிய இன்னும் அஞ்சு நிமிசம்னு. அந்த அஞ்சு நிமிசத்துலதான் ஊரே அவசர அவசரமா மாத்திரையை முழுங்கும். பாங்கு சொல்லிட்டா அதுக்குப் பெறகு சாயங்காலம் வரைக்கும் பச்சத் தண்ணி கிடையாது, அதனால காலைக்கு உள்ளது, மத்தியானத்துக்கு உள்ளது, விட்டுப் போனது, எல்லாத்தையும் அள்ளிப் போட்டு ஒரு சொம்புத் தண்ணியக் கவுத்துருவோம். நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்குன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே எத்தனையோ தடவை பயான்ல சொல்லியிருக்காரு. கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். ஆனா கழுத்து வலிச்சா நோயாளியா? நடக்குறேன், வண்டி ஓட்டுறேன், நல்லாத் திங்கிறேன், எம் பேரை நோயாளி கணக்குல எப்படிச் சேக்குறது? வெக்கமா இருக்கும்ல. வண்டி மோதுனதுக்கு முந்தின நாளு ரவைக்கு, ராத்திரித் தராவீஹ் தொழுதுட்டு வந்து பாய விரிக்கக்கூடப் பொறுமையில்லாம அப்படியே சாஞ்சுட்டேன், மாத்திரை போடல. சஹருக்கு சபுரா எழுப்பும்போது கை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தயிர் சோறு, வாழைப்பழம், மைக்குல அஞ்சு நிமிசம். ரவைக்கு விட்டதையும் காலைக்கு உள்ளதையும் உள்ளங்கையில வச்சேன். சபுரா பாத்துட்டா. "ரவை மாத்திரையை இப்பவா போடுறீங்க? வண்டி எடுக்கணும்ல?" "இப்ப விட்டா இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் இந்தக் கையக் கழட்டி எங்க வைக்கிறது?" அம்புட்டுத்தான் பேச்சு. அவ தண்ணிச் சொம்பை நீட்டுனா, நான் முழுங்குனேன், பாங்கு சத்தம் வந்துருச்சு. தண்ணி தொண்டையத் தாண்டுனதுக்குப் பெறகுதான் பாங்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அன்னைக்கு அந்த ஒரு சந்தேகம்தான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு, அதைத்தான் வண்டி எடுக்குற வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். கூறுகெட்டவன்.

பேரு கூவுறாரு. என் பேரு இல்ல. இந்தக் கோர்ட்டு வராந்தாவுல ஒரு வேப்ப மரத்து நெழலு விழுது, அது நகந்து நகந்து இப்ப எங் காலு கிட்ட வந்துருச்சு. சரி, ஓட்டுனதை நெனைக்க வேண்டாம்னா நெனைக்காம இருக்க முடியுதா? அடிவாரத்துல நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி பொம்பளையாளுக வழக்கம்போல ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு தூங்குதுக, தூக்குச் சட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. முன்னாடி ஒச்சம்மா. வாயி ஓயாது அவளுக்கு. மருமக பிரஷர் குக்கருக்கு விசில் போடாம அடுப்புல வச்சது, எஸ்டேட்டு கங்காணி புதுசா மீசை வச்சது, எல்லாம் சொல்லிக்கிட்டு வாரா. மூணாவது வளைவுக்கு மேல கண்ணுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி ஆச்சு. தூக்கம்னு சொல்ல முடியாது. தூக்கம்னா எனக்குத் தெரியும், தூக்கம் வந்தா ஓரங்கட்டி மூஞ்சியக் கழுவிட்டு ஓட்டுற ஆளு நான். இது வேற. கை என் கையாவே இல்ல, அது பாட்டுக்குத் திருப்புது, நான் எங்கயோ பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்குறேன். வெள்ளைக் கோடு ரெண்டாப் பிரிஞ்சு சேந்துச்சு. தொட்டி வளைவுல ரெண்டு வண்டி நிக்கிற அளவுக்கு எடம் இருக்கு. அங்க நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனா மூஞ்சி கழுவணும், ஒரு அரை மணி சாயணும், எஸ்டேட்டுக்குப் பிந்தும், பிந்துனா கங்காணி பின்னாடி இருக்கிற அத்தனை பேரையும் திருப்பி அனுப்புவான். ஒச்சம்மா அப்பத்தான் கேட்டா. பேச்சை நிறுத்திட்டு, என் பக்கம் திரும்பி, மெதுவா. "பாய், தூக்கமா?" "இல்ல." யோசிக்காமச் சொன்னேன். என்னமோ திருடன்னு கேட்டுட்ட மாதிரி வெடுக்குன்னு சொன்னேன். அவ மறுபடியும் கங்காணி மீசையப் பத்தி ஆரம்பிச்சா. அதுக்கு அடுத்தது ஞாபகத்துல இல்ல. சத்தம்தான் இருக்கு. முன்சக்கரம் தடுப்புச் செவுத்து மேல ஏறி நிக்குது, செவுத்துல கல்லு பேந்து அங்குட்டு விழுது, விழுந்த கல்லு தரையில பட்ட சத்தம் ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. அந்தச் செவுத்துக்கு அங்குட்டு என்னன்னு எனக்குத் தெரியும். தெனம் ரெண்டு தடவை பாக்குறேன்ல.

எல்லாரும் எறங்கி நடந்தாக, அல்லாஹ்வோட கிருபை. ஒச்சம்மா மட்டும் தோளைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்துட்டா. செக்போஸ்ட்டுல இருந்து போலீஸு வந்துச்சு. ஊதச் சொன்னாய்ங்க. ஊதுனேன். மறுபடி ஊதுன்னாய்ங்க. ஊதுனேன். ஒண்ணும் வரலையேன்னு அந்த ஏட்டய்யா மெஷினைத் தட்டித் தட்டிப் பாத்தாரு, ரிப்பேராயிருச்சோன்னு. "கண்ணு செவசெவன்னு இருக்கு, நாக்கு குழறுது, ஆளு தள்ளாடுது, என்னய்யா போட்ட?" "நோன்புங்க." "என்ன போட்டன்னு நான் கேக்குறேன், நீ என்னத்தையோ சொல்ற." தண்ணி குடிச்சுட்டுத் தெளிவாப் பேசுன்னு பாட்டிலை நீட்டுனாரு. வேண்டாம்னேன். அது அவருக்கு இன்னும் சந்தேகம். தண்ணியக் குடிச்சா போதை தெளிஞ்சிரும்னு பயப்படுறான்னு பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொன்னாரு. அரசாங்க ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க கைய நீட்டச் சொன்னப்ப எம் புத்தி எங்க போச்சுங்கிற? ரத்தம் எடுத்தா நோன்பு முறியுமா முறியாதா. ஒருத்தி எலும்பு ஒடஞ்சு அடுத்த ரூம்பு கட்டில்ல முனகிக்கிட்டுக் கெடக்கா, எனக்கு என் நோன்பு. இதை நெனச்சா இந்த வெயில்லயும் ஒடம்பு கூசுது. சபுராகிட்டக்கூட இதைச் சொன்னதில்ல.

தெருவுல யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் கேக்கல. அதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம். நான் சந்துக்குள்ள நொழஞ்சாப் பேச்சு மாறும். பெருநாள் தொழுகைக்குப் போனப்ப கட்டிப்பிடிச்சு சலாம் சொல்ற சாக்குல ஒருத்தன் மோந்து பாத்தான், நெசமாத்தான் சொல்றேன், மூக்கை இழுத்தது காதுல கேட்டுச்சு. நோன்பு வச்சுக்கிட்டே மாத்திரை அடிச்சிருக்காருப்பான்னு ஒரு கதை. கேரளாவுக்குப் பொட்டலம் கடத்துறாராம்னு இன்னொரு கதை. ஹஜ்ரத் மட்டும்தான் கையப் பிடிச்சு, "உண்மை தெரிஞ்சவன் மேல இருக்கான் பாய், கவலப்படாதீங்க"ன்னாரு. அவரு ஆறுதலாத்தான் சொன்னாரு. எனக்கு அன்னைக்குத்தான் பயமே வந்துச்சு.

ஜீப்பு ஸ்டாண்டுல இருக்கிற மத்த டிரைவருகளுக்கு இது கறிச்சோறு. எம்புட்டு நாளா எரிஞ்சுக்கிட்டு இருந்தாய்ங்க. மலையேறுற பொம்பளையாளுக பாய் வண்டி பாய் வண்டின்னு தேடி வந்து ஏறும். எனக்கென்ன, என் ஜீப்புல மெத்தையா போட்டிருக்கு? தார்ப்பாயே ஓட்டை. மத்தவன் சாயங்காலம் எறங்கும்போது எஸ்டேட்டு கடையில ஒரு கட்டிங்கைப் போட்டுட்டு ஏறுவான், சிலவனுக்குக் காலையிலயே வேணும். பாய் குடிக்கமாட்டாரு, வாய்ப்பேச்சும் சுத்தம். அதனாலதான் வீட்டுல ஆம்பளைக விட்டாய்ங்க. பாய் வண்டின்னாப் போ, இல்லன்னா வீட்டுல கெட. அந்தப் பேருதான் எனக்குச் சொத்து. அதை இன்னைக்கு ஒரு வார்த்தையில மீட்டுறலாம். யாரும் பொய் சொல்லச் சொல்லலையே. போதையான்னு கேப்பாங்க, இல்லன்னு சொல்லப் போறேன். நான் குடிக்கலங்கிறது உண்மை. உண்மையச் சொல்றதுக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது?

அந்தா ஒச்சம்மா வாரா. கட்டு அவுத்துட்டாக போல. வலது கைய இன்னும் வயித்தோட அணைச்சே வச்சிருக்கா, மஞ்சப் பை இடது கையில. கொஞ்சம் எளச்சிருக்கா. பெரியவரு நகந்து எடம் விட்டாரு, அவ உக்காரல, தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டா. "என்ன பாய், கருத்துப் போனீங்க?" "நீ எப்பிடி இருக்க ஒச்சம்மா? கை தூக்க வருதா?" "சீலை கட்ட வருது. காயி எடுக்க வருமான்னு போனாத்தான் தெரியும். வக்கீலு சொன்னாரு, பனின்னு சொல்லணுமாம், பாய் நிதானமாத்தான் வந்தாருன்னு சொல்லணுமாம். சொல்லிருவேன், பயப்படாதீங்க." "உங்க வீட்டுக்காரரு வந்திருக்காரா?" "தவசியா? அவரு எங்க வந்தாரு. கேஸு என்னாகுதுன்னு கேட்டுட்டு வாடின்னு அனுப்பியிருக்காரு. பாய் குடிக்கலன்னு கோர்ட்டுல சொல்லிட்டா மறுபடி வேலைக்குப் போகலாம்னுட்டாரு. இந்த ரெண்டு மாசமா வாசப்படி தாண்டவிடலயே." சொல்லிட்டு முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா. அவ்வளவோட விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒச்சம்மா, அன்னைக்கு நீ கேட்டல்ல, தூக்கமான்னு." "ஆமா." "நான் இல்லன்னேன்." "ஆமா." "நீ நம்புனியா?" அவ என்னயப் பாக்கல, வேப்ப மரத்தைப் பாத்தா. "எங்க நம்புறது? அடிவாரத்துலயே தெரியுமே. கியரு போடுறதுக்குக் கைய ரெண்டு தடவை தொழாவுனீங்க. பின்னாடி செல்வியும் பாத்துட்டா, என் முதுகுல கிள்ளுனா." "தெரிஞ்சும் ஏன் எறங்கல?" "நல்லாக் கேட்டீங்க. நட்ட நடு மலையில எறங்கி எங்க போறது? நிறுத்துங்க பாய்ன்னு சொன்னா ஒங்களுக்குக் கோவம் வந்து நாளைக்கு வராதன்னுட்டா? அதான் பேசிக்கிட்டே வந்தேன். பேச்சு கேட்டா மனுசன் முழிச்சிருப்பாருன்னு. கங்காணிக்கு மீசையாவது மண்ணாவது, அவனுக்கு மொளைக்கவே மொளைக்காது." சிரிச்சா. சிரிச்சதும் தோள் வலிச்சிருக்கும், ஒரு பக்கமாக் கோணிக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வரல. பின்னாடி ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு தூங்குதுகன்னு நான் நெனச்சேனே. தூங்கல. அத்தனை பேரும் முழிச்சு என் முதுகையே பாத்துக்கிட்டு, மூச்சு விடாம, ஒவ்வொரு வளைவுக்கும் ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்கிட்டு வந்திருக்குதுக. தொட்டி வளைவைத் தாண்டும்போது நான் நிறுத்துவேனா நிறுத்துவேனான்னு பாத்திருக்கும்ல? நான் நிறுத்தல.

அபுதாகிர், அபுதாகிர், அபுதாகிர். மூணு தடவை. எந்திரிக்கணும்னு இத்தனை நேரம் துடிச்ச காலு இப்பப் பாத்து எந்திரிக்கமாட்டேங்குது. தெய்வேந்திரன் முழங்கையப் பிடிச்சு உள்ள தள்ளிக்கிட்டுப் போறாரு, காதுல, "இல்லங்கம்மா. ஞாபகம் வச்சுக்கங்க"ங்கிறாரு. உள்ள ஃபேன் சத்தம். நீதிபதியம்மா கண்ணாடியத் தூக்கி என்னயப் பாத்துட்டுக் காகிதத்தைப் பாத்தாங்க. எங்க கொளுந்தியா வயசு இருக்கும். போதையில ஜீப்பு ஓட்டி ஒரு பொம்பளைக்குக் காயம் ஏற்படுத்துனதாக் கேஸு, ஒத்துக்கறீங்களான்னு கேட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க, மெரட்டலா இல்ல. "குடிக்கலங்கம்மா"ன்னேன். தெய்வேந்திரன் மூச்சு விட்டது கேட்டுச்சு. "அப்ப இல்லன்னு எழுதிக்கலாமா?" ஆமான்னு தலைய ஆட்டுனாப் போதும். வெளிய போய் ஒரு டீ குடிக்கலாம். நாளைக்கு வண்டியக் கழுவலாம், நாளான்னைக்கு விடியக்கருக்கல்ல அத்தனை பேரும் ஏறும், ஒச்சம்மா முன்னாடி உக்காருவா. எனக்குக் கண்ணு சொக்குனா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. அவ பேச ஆரம்பிப்பா. நான் கேட்டுக்கிட்டே ஓட்டுவேன், நல்லா வாய் அடிக்கிறாளேன்னு. கழுத்து எரியுது. "எழுதாதீங்கம்மா"ன்னேன். "குடிக்கல, அது நெசம். தூக்க மாத்திரையும் சேத்துப் போட்டிருந்தேன், நோன்புன்னு சஹர்லயே ரெண்டையும் முழுங்கிட்டேன். ரோடு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் நிறுத்தல. அந்தப் பொம்பள தூக்கமான்னு கேட்டுச்சு, இல்லன்னு சொல்லிட்டு ஓட்டுனேன்." தெய்வேந்திரன் குறுக்க வந்து, "அம்மா, என் கட்சிக்காரர் பதட்டத்துல பேசுறாரு"ன்னாரு. நீதிபதியம்மா கைய ஒசத்துனாங்க. "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" "ரெண்டு மாசமா யோசிச்சேங்கம்மா." "அப்ப ஒத்துக்கறீங்க." அந்தச் சொல்லு அப்பத்தான் எதுக்க வந்து நின்னுச்சு. போதை. அதுக்கு வேற பேரு அந்தக் காகிதத்துல இல்ல போல. "ஆமாங்கம்மா."

அபராதம் சொன்னாங்க, லைசென்ஸு ஆறு மாசத்துக்கு இல்லன்னாங்க, டவாலி அடுத்த பேரைக் கூவிட்டாரு. முடிஞ்சுபோச்சு. இதுக்கா இம்புட்டு நாளு வேர்த்தேன். தெய்வேந்திரன் எங்கிட்டப் பேசவே இல்ல, கேஸுக் கட்டைத் தூக்கி அக்குள்ல வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. எனக்கு ஒடம்பு லேசா இருக்கு, பொய் சொல்லக்கூடாது, நல்லா இருக்கு. நெஞ்சுல இருந்து ஒரு மூட்டைய எறக்கி வச்ச மாதிரி மூச்சு தாராளமா வருது. சபுரா கேட்டா நேராச் சொல்லிரலாம், ஹஜ்ரத் கேட்டா நேராச் சொல்லிரலாம். வாசலுக்கு வெளிய ஒச்சம்மா முந்தானைய இழுத்துச் சரிபண்ணிக்கிட்டு, சாட்சி சொல்லத் தயாரா நிக்கிறா. "என்னயக் கூப்பிடவே இல்லயே பாய்?" "இனிமே கூப்பிடமாட்டாய்ங்க. முடிஞ்சிருச்சு." "என்னன்னு முடிஞ்சிருச்சு?" "ஆமான்னு ஒத்துக்கிட்டேன்." அவ மூஞ்சி ஒண்ணும் மாறல. பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தப் போனா, வலிச்சதும் மறுபடி இடது கைக்கே கொண்டு வந்தா. "போதையில ஓட்டுனேன்னா?" "தூக்கத்துல ஓட்டுனேன்னு சொன்னேன். அவுக அதைத்தான் போதைன்னு எழுதுறாக." "தவசிகிட்ட நான் எதைச் சொல்றது?" உள்ளதைச் சொல்லுன்னு சொல்லலாம். உள்ளதைச் சொன்னா அவ கதவு சாத்திரும். "உங்க மனசுல இருந்தது எறங்கிருச்சுல்ல பாய்"ன்னா. குத்திக்காட்டிக் கேக்கல, நல்லது நடந்திருக்கான்னு விசாரிக்கிற மாதிரிதான் கேட்டா, அதுதான் தாங்க முடியல. "எறங்கிருச்சு ஒச்சம்மா." "சரி. நாளைக்கு வேலைக்கு வாரேன்னு கங்காணிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். பாய் வண்டியும் இல்லன்னா வேற எந்த வண்டின்னு தவசி கேப்பாரு. ஸ்டாண்டுல எல்லாரையும் நீங்கதான் அறிஞ்சவரு. நம்பி ஏறுற மாதிரி ஒரு வண்டி சொல்லுங்க." நான் நெனச்சுப் பாத்தேன். ஸ்டாண்டுல மொதல்ல நிக்கிற வண்டியில இருந்து ஒவ்வொண்ணா, ஓட்டுறவன் பேரோட, அவன் காலையில இருக்கிற லட்சணத்தோட, கடைசியில டீக்கடை ஓரமா நிக்கிற பழைய வண்டி வரைக்கும் நெனச்சுப் பாத்தேன். ஒச்சம்மா வெயில்ல, பதிலுக்கு நின்னுக்கிட்டு இருந்தா.